கெட்டியா இருக்குதா பாரு

பஸ் நின்ற பிறகு எங்கள் அண்ணி இறங்கி நான் பார்த்ததே இல்லை. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே படிக்கு வந்துவிடுவாள். சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருக்கும். ஒரு காலை நீட்டித் தரையைத் தொட்டு, நாலு எட்டு ஓடி நிற்பாள். கண்டக்டர்கள் திட்டுவார்கள். "ஏம்மா, உனக்கு உசுரு வேணாமா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "வேணும்னுதான் சீக்கிரம் போறேன்" என்றாள். நானும் அம்மாவும் பைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் இறங்கி வருவதற்குள் எதிர்க்கடையில் டீ சொல்லி, "இன்னும் ஆவலையா?" என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இருபது வயது. பக்கத்து ஊர். அவள் வீட்டிலும் உப்பளத்து வேலைதான். அண்ணன் உப்பு லோடு லாரி ஓட்டினான். சாவியைத் திருகி, எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமிச் சூடான பிறகுதான் கியரைத் தொடுகிற ஆள். அப்பா போன பிறகு அம்மா, அண்ணன், நான் மூவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு வாழப் பழகியிருந்தோம். அண்ணி வந்த முதல் வாரத்திலேயே வீடு வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. உலை கொதிக்கும் முன்பே மூடியைத் திறந்து பார்ப்பாள். துவைத்த துணியை ஈரம் போகும் முன் எடுத்து மடித்துவிட்டு, மறுபடி உதறிக் கொடியில் போடுவாள். யாராவது ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "கடைசியில இன்னா ஆச்சு, அத சொல்லு" என்பாள்.

உப்பளத்திலும் அப்படித்தான். பாத்தியில் தண்ணீர் பாய்ச்சி உப்பு இறங்கும்வரை விட்டுவிட வேண்டும். அவள் போய்ப் போய்ப் பார்ப்பாள். கையை விட்டுத் துழாவி, கொஞ்சம் அள்ளி, "இதோ எறங்கிடுச்சு" என்று மேஸ்திரியிடம் நீட்டுவாள். "கலக்கி உடாதம்மா, காயட்டும்" என்று அவர் தலையில் அடித்துக்கொள்வார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "நிக்கத் தெரியாத பொண்ண கட்டிக்கினு வந்துட்டான்" என்று என்னிடம் சொல்வாள். அண்ணி காதில் விழும்படிதான் சொல்வாள். அண்ணி கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொண்டு மூலையில் உட்காரவும் கொஞ்சம் நேரம் வேண்டுமே.

பல் விஷயமும் அவசரத்தில்தான் தொடங்கியது. இடது பக்கம் கீழ்க் கடைவாயில் ஒரு பல் ஆடியது. நாள் முழுக்க அதை நாக்கால் தள்ளிக்கொண்டே இருந்தாள். டவுனில் பல் டாக்டர் மாத்திரை கொடுத்து, அடுத்த வாரம் வா, பார்க்கலாம் என்றார். மறுநாள் காலை பல் தேய்க்கப் போனவள் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பல்லை அவளே பிடுங்கியிருந்தாள்.

"வலியே இல்லடி, பாரேன்."

ஒரு கடைவாய்ப் பல் அப்படி வலிக்காமல் கையோடு வரக் கூடாது என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. கொஞ்ச நாளில் அதற்குப் பக்கத்துப் பல்லும் ஆடியது. இடது கன்னம் மெல்லப் புடைத்தது. பிறந்த வீட்டுக்குப் போய்வந்ததில் சதை போட்டிருக்கிறாள் என்று அம்மா நினைத்தாள். சதை ஒரு பக்கம் மட்டும் போடுமா என்று அண்ணன்தான் கேட்டான்.

பாண்டியில் பல் ஆஸ்பத்திரியில் தாடை முழுவதையும் சுற்றி ஒரு படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண். படத்தை விளக்குப் பலகையில் மாட்டி எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வலது பக்கம் தாடை வெள்ளையாக ஒரே கோடாய் இருந்தது. இடது பக்கம் சோப்பு நுரை மாதிரி கறுப்பு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"இது கேன்சர் இல்ல. ஆனா எலும்ப தின்னுக்கிட்டே போற கட்டி. சுரண்டி எடுத்தா திரும்ப வந்துடும். அதனால இந்தப் பக்கத்து எலும்பையே எடுத்துடணும்" என்று சொல்லி, டாக்டர் தன் முகத்திலேயே மோவாய்க்குப் பக்கத்திலிருந்து காதுக்குக் கீழே வரை விரலால் கோடு இழுத்தார். அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"எப்போ?" என்றாள் அண்ணி. "நாளைக்கா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவரிடம் வந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். "நாளைக்கு எப்படிம்மா? ரத்தம் பாக்கணும், மயக்க டாக்டர் பாக்கணும்."

"அப்போ அதுக்கு மறுநாளு?"

எடுத்த இடத்தில் என்ன வைப்பீர்கள் என்று அண்ணன் கேட்டான். காயம் நன்றாக ஆறிய பிறகு, சில மாதம் கழித்து, காலில் ஒரு பக்க எலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்துத் தகடு போடுவோம் என்றார் டாக்டர். எலும்பின் மேல் போர்த்தியது போல ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், நோய் அதில் இறங்கியிருக்காவிட்டால் அதை விட்டுவிட்டு எலும்பை மட்டும் உருவி எடுக்கப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அதை எங்களில் யாரும் காதில் வாங்கவில்லை.

சேதி தெரிந்ததும் சித்தி வந்தாள். வந்தவள் அண்ணியை நலம் விசாரித்த கையோடு செல்போனை எடுத்துக் கல்யாணப் போட்டோவைத் தேடினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி அண்ணியின் கன்னத்தை மட்டும் வைத்துக்கொண்டு அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "அப்பவே இருந்துருக்குது பாரு. மறைச்சு கட்டி வச்சுட்டாங்க" என்றாள்.

அண்ணி சமையற்கட்டிலிருந்து வந்து போனைப் பிடுங்கினாள். நான் பயந்தே போனேன். அவள் படத்தை இன்னும் பெரிதாக்கி, சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சித்தி, நீங்க பாக்கறது வலது பக்கம். கட்டி இந்தாண்ட. நல்லா பாத்துட்டு சொல்லுங்க, எனக்கும் தெரியணும்."

சித்தி போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. தெருவில் இருந்தது. கோயிலில் இருந்தது. அண்ணியின் அம்மாவே ஒருநாள் வந்து, பெண்ணைக் கொஞ்ச நாள் அழைத்துப்போகிறேன், எல்லாம் முடிந்த பிறகு உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்யுங்கள் என்றாள். அண்ணன் வாசலில் நின்று லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான். பிறகு உள்ளே வந்து, "இங்கதான் இருப்பா. ஆஸ்பத்திரிக்கி நான்தான் இட்டுனு போவேன்" என்றான். அவன் மாமியாரிடம் அவ்வளவு நீளமாகப் பேசி அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து வார்டில் அவளைப் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கி, மூக்கில் குழாய். வீக்கம் வடிந்த பிறகு இடது கன்னத்துக்குக் கீழே ஒன்றுமில்லாமல் உள்வாங்கியிருந்தது. மிச்சமிருந்த தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளாமல் இருக்க மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சில வாரங்களுக்கு வாயைத் திறக்கவே முடியாது. கஞ்சி, பால், பழச்சாறு, எல்லாம் ஸ்ட்ராவில்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அம்மாவிடம் ஒரு கம்பி வெட்டும் பிளேயரைக் கொடுத்தார். "வாந்தி வந்தா மூச்சடைச்சிரும். உடனே மேலயும் கீழயும் இழுத்துக் கட்டியிருக்கற கம்பிய மட்டும் வெட்டிடணும். இது எப்பவும் இவங்க கைக்கு எட்டற எடத்துல இருக்கணும்" என்று கண்ணாடி முன் நிறுத்தி எந்தக் கம்பி என்பதைக் காட்டினார்.

அம்மா தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போதே அண்ணியின் கண் அந்தப் பிளேயரின் மேல் இருந்ததை அம்மா கவனித்துவிட்டாள். நானும் கவனித்தேன்.

வாய் கட்டப்பட்ட அண்ணியோடு இருந்த அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது. பேசவேண்டியதெல்லாம் பல்லுக்குள்ளேயே முட்டிக்கொண்டு நின்றது. கை தட்டுவாள். கதவைத் தட்டுவாள். பாத்திரத்தைக் கரண்டியால் தட்டுவாள். இறுகிய பல்லுக்கு நடுவில் சீறிச் சீறிப் பேசுவாள், புரியவில்லை என்றால் இன்னும் வேகமாகப் பேசுவாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். கஞ்சியை ஸ்ட்ராவில் இழுத்துச் சலித்துப்போய், கம்பியை ஆள்காட்டி விரல் நகத்தால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா பார்த்தால் விரலை எடுத்துவிடுவாள்.

ஒருநாள் ஆணியில் தொங்கிய பிளேயரைக் காணோம்.

"எங்கம்மா?" என்றேன்.

"புளிப் பானையில இருக்குது. சொல்லாத. அவ கையில இருந்தா நாளைக்கே வெட்டிக்குவா. தாடை கோணிக்கும்."

அண்ணி தேடியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஆணியைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பக்கத்து வீட்டிலிருந்து நெத்திலிக் குழம்பு வாசனை வந்தது. எனக்கே நாக்கில் ஊறியது. அண்ணி யாருக்கும் தெரியாமல் போய், ஒரு கிண்ணம் வாங்கி, கைக்குக் கிடைத்த வடிகட்டியில் வடித்து ஸ்ட்ராவில் இழுத்திருக்கிறாள். காரம் இறங்காத வயிறு. கிணற்றடியில் உட்கார்ந்து முதலில் ஒரு விக்கல், பிறகு தோள் குலுங்கியது. வாந்தி வாய்க்குள் வந்து பல்லில் முட்டி நின்றது. மூக்கு வழியாக வந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. கண் பிதுங்கியது.

"அம்மா!" என்று நான் கத்தினேன்.

அம்மா ஓடினாள். உள்ளே பானை உருளும் சத்தம் கேட்டது. நான் அண்ணியை முன்னால் குனியவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நகங்கள் என் முழங்கையில் இறங்கின. அம்மா கையெல்லாம் புளியோடு வந்தாள். பிளேயர் வழுக்கியது. முந்தானையில் துடைத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு கம்பி, இன்னொன்று, பிறகு இன்னொன்று. வாய் திறந்தது. எல்லாம் வெளியே வந்தது. அண்ணி தொண்டை கிழிய ஒரு மூச்சை இழுத்தாள். அம்மா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிளேயர் கையிலேயே இருந்தது, விடத் தெரியவில்லை.

மறுபடி பாண்டிக்கு ஓடினோம். மறுபடி கம்பி போட்டார்கள். "பிளேயர் கையிலயே இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா வாயெடுப்பதற்குள் அண்ணி கட்டிய பல்லுக்குள்ளிருந்து, "இருந்துச்சு மேடம். என் மேலதான் தப்பு, குழம்பு குடிச்சிட்டேன்" என்றாள். எனக்கும் அம்மாவுக்கும் புரிந்தது. டாக்டருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அம்மா தன் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்து, அதன் கயிற்றைப் பிளேயரில் கட்டி, அண்ணியின் மடியில் வைத்தாள்.

"நீயே வச்சுக்கோ. வெட்டிக்கணும்னா வெட்டிக்கோ. நான் ஒளிச்சி வச்சி உன்ன கொன்னுருப்பேன்."

அண்ணி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கம்பி எடுக்கும் நாள்வரை அது அவள் மார்பில் தொங்கியது. அவள் வெட்டவில்லை. நகத்தால் நெம்புவதைக்கூட விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா அவளை நிற்கத் தெரியாதவள் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கம்பி எடுத்ததும் வாயைத் திறந்தால் தாடை இடது பக்கமாக ஓடியது. சாப்பாடு அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளும். 'ப'வும் 'ம'வும் சரியாக வராது. உப்பளத்துக்குப் போகாதே, வெயில் படக் கூடாது, நாலு பேர் பார்ப்பார்கள் என்று எல்லோரும் சொன்னோம். முகத்தை மூடாமல்தான் போனாள். முதல்நாள் பெண்கள் பாத்தி வரப்பில் நின்று பார்த்தார்கள். "பாத்துட்டீங்களா? வாங்க, வேலைய பாப்போம்" என்றாள்.

கால் எலும்பு வைக்கும் தேதிக்காக அவள் ஆஸ்பத்திரியைப் படுத்தியதை எழுதினால் தனிக் கதையாகும். வரச் சொன்ன நாளுக்கு முன்னாலேயே போய் நிற்பாள். நர்ஸுகளுக்கு அவள் பெயரைக் கேட்கவே தேவையில்லாமல் போயிற்று. ஒருவழியாகத் தேதி கிடைத்தது. அதற்கு முந்தைய வாரம் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அண்ணன், நான், அவள் மூவரும் போனோம்.

டாக்டர் படத்தை மாட்டினார். முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். பழைய படத்தை எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் மாட்டினார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் கிட்டே போய்ப் பார்த்தார். கட்டி திரும்ப வந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

"இன்னான்னு சொல்லுங்க மேடம்" என்று அண்ணி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

டாக்டர் பேனா முனையால் காட்டினார். எலும்பை எடுத்த வெற்றிடத்தில், மோவாய்ப் பக்கமிருந்து கொஞ்சம், காதுப் பக்கமிருந்து கொஞ்சம், புகை படிந்த மாதிரி வெளுப்பாக ஏதோ நீண்டிருந்தது. நடுவில் இன்னும் கறுப்புதான்.

"எலும்பு வளருது. தானாவே. நான் விட்டுவச்ச சவ்வுல இருந்து. சின்ன வயசுக்காரங்களுக்கு எப்பவாவது இப்படி நடக்கும். படிச்சிருக்கேன். என் கையில இதான் முதல் தடவ." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "இப்ப கால அறுக்க வேணாம். வெயிட் பண்ணி பாக்கலாம்னு தோணுது."

நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"எத்தன நாளு?"

"தெரியாதும்மா."

"முழுசா வளருமா?"

"அதுவும் தெரியாது. பாதியில நின்னாலும் நின்னுடும். அப்போ கால் எலும்புதான். கட்டி திரும்ப வருதான்னு வேற பாத்துக்கிட்டே இருக்கணும்."

"அறுத்து வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும்ல? தேதி குடுத்தீங்கல்ல? இப்ப வந்து தெரியாது, தெரியாதுன்னா நான் இன்னா செய்யறது?"

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். வராந்தாவில் அவள் செருப்புச் சத்தம் போவதும் வருவதுமாகக் கேட்டது. அண்ணன் எழுந்து போகப் போனான். டாக்டர், "விடுங்க" என்று கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவளே உள்ளே வந்து உட்காராமல் நின்றாள்.

"தேதிய கேன்சல் பண்ணிடுங்க. ஆனா மாசாமாசம் படம் எடுக்கணும்."

"மாசாமாசம் எடுக்கக் கூடாதும்மா. மூணு மாசத்துக்கு ஒருக்கா."

"ரெண்டு."

"மூணுதான்."

"சரி மூணு. ஒருநாள் கூட தள்ளக் கூடாது."

பஸ்ஸில் வரும்போது, ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "போயி நடந்து பாத்தேன்டி. இந்த காலயா அறுக்க உடறதுன்னு தோணுச்சு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தொல்லை தொடங்கியது. "கெட்டியா இருக்குதா பாரு" என்று இடது கன்னத்தை நீட்டுவாள். காலையில் பல் விளக்கியதும் என்னிடம். லாரிக்குக் கிளம்பும் முன் அண்ணனிடம். உப்பளத்தில் பெண்களிடம், மேஸ்திரியிடம், டீக்கடைக்காரரிடம், பாண்டி பஸ் கண்டக்டரிடம். அந்தப் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேராவது அவள் தாடையை அமுக்கிப் பார்த்திருப்பார்கள். சிலருக்கு அருவருப்பு. தொடும்போதே முகம் மாறும். அவள் அதைக் கவனிக்கமாட்டாள், பதிலைத்தான் பார்ப்பாள். சித்தி வந்தபோது சித்தியிடமும் நீட்டினாள். சித்தி வேறு வழியில்லாமல் தொட்டுவிட்டு, "லேசா ஏதோ தட்டுப்படற மாதிரிதான் இருக்குது" என்றாள். அதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அண்ணன் தினமும், "நேத்திக்கி விட இன்னிக்கி கெட்டி" என்பான்.

"பொய் சொல்றீங்க" என்பாள் அண்ணி.

"இல்ல, நெசமாத்தான்."

"பாப்பா, நீ பாரு. நீதான் உள்ளத சொல்லுவ."

நான் கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன். முதலில் எல்லாம் விரல் உள்ளே போகும். நடுவில் தடுக்க எதுவும் இல்லாமல் அந்தப் பக்கம் நாக்கு அசைவதுகூடத் தெரியும். "இன்னும் இல்ல அண்ணி" என்பேன். "சரி" என்று போய்விடுவாள். மறுநாள் மறுபடி கன்னம். ஒருநாள் என் விரலுக்கு அடியில் காது மடல் மாதிரி ஏதோ அழுந்தி நிமிர்ந்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். மறுபடி வைத்தேன்.

"இருக்குது அண்ணி."

"நெசமா?"

"நெசமா."

அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அதற்குள் அம்மாவைத் தேடிக் கொல்லைக்கு ஓடிவிட்டாள்.

எல்லோரும் தாடையைத் தொட்டுப் பார்க்கிற சேதி டாக்டர் காதுக்குப் போனபோது அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே. "இளசு எலும்பும்மா அது. ஊரே சேந்து அமுக்கினா வளைஞ்சிக்கும். இனிமே யாரும் தொடக் கூடாது. நீயும் தொடக் கூடாது." வாய் கட்டியிருந்ததைவிட இதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன். கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பாதி வழியில் நிறுத்தி, காதைச் சொறிவாள், தலைமுடியை ஒதுக்குவாள், வளையலைத் திருகுவாள். தூக்கத்தில் தொட்டுவிடுவேனோ என்று பயந்து கையைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள்.

மழை வந்து உப்பளத்தை மூடி, மறுபடி திறந்தார்கள். அந்த சீசன் முடிவதற்குள் எடுத்த படத்தில் இரண்டு பக்கத்து வெளுப்பும் நடுவில் சேர்ந்துவிட்டிருந்தது. வலது பக்கத்தைவிட மெலிசு. கொஞ்சம் வளைவு. பல் இல்லை. ஆனால் எலும்பு. டாக்டர் மாணவர்களை அழைத்து வந்து அண்ணியை நடுவில் உட்காரவைத்து ஏதேதோ விளக்கினார். அவர் முடிப்பதற்குள் அண்ணி, "மேடம், இப்ப தொடலாமா?" என்று கேட்டுவிட்டாள். தொடலாம் என்றார். அவள் தொட்டாள். தொட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அறையில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. கையை எடுக்காமலே அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "நீங்க சொன்னது எல்லாமே பொய்தாங்க. இதான் கெட்டி" என்றாள். அண்ணன் அழுதான்.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணமாகிச் செஞ்சிப் பக்கம் போனேன். ஊருக்கு வந்திருந்த ஒரு சமயம் டாக்டர் அண்ணிக்குப் போன் செய்தார். இடையஞ்சாவடியிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள், அப்பா ஆரோவிலில் தோட்ட வேலை, அவளுக்கும் அதே பக்கம் அதே கட்டி, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள், நீ வந்து கொஞ்சம் பேசு என்றார். அண்ணி போனை வைக்கும் முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டாள். நானும் கூடப் போனேன்.

அந்தப் பெண் வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கல்லூரி முதல் வருஷம். அவள் அம்மா கட்டிலுக்கு அடியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி எதுவும் சொல்லாமல் போய் அவள் முன்னால் நின்று, முகத்தைக் காட்டினாள். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கும் இந்த மாதிரி வளருமாக்கா?"

வளரும் என்று அண்ணி சொல்லப்போகிறாள் என்றே நான் நினைத்தேன். அந்தப் பெண்ணின் அம்மா அடுக்குவதை நிறுத்திவிட்டு அண்ணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். எதையும் சட்டென்று சொல்லிவிடுகிறவள் அண்ணி. அன்று உடனே பேசவில்லை.

"தெரியாதும்மா" என்றாள். "எனக்கு வளந்துச்சு. எல்லாருக்கும் வளராதுன்னு மேடம் சொல்றாங்க. வளரலன்னா கால்லேந்து எடுத்து வைப்பாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கும். எதுவா இருந்தாலும் கட்டிய உள்ள வச்சுக்க முடியாது. மொத ஆபரேஷனுக்கும் நான் வர்றேன். ரெண்டாவது இருந்தா அதுக்கும் வர்றேன்."

அந்தப் பெண் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாள்.

அவளுக்கு எலும்பு வளரவில்லை. நோய் அந்தச் சவ்வுக்குள்ளும் இறங்கியிருந்ததால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு படத்திலும் அந்த இடம் கறுப்பாகவே இருந்தது. கால் எலும்பு வைக்கத் தேதி குறித்தார்கள். அண்ணி எனக்குப் போன் செய்து, "வர்றியாடி? எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கிளம்பிப் போனேன்.

காலையில் அந்தப் பெண்ணை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நீண்ட ஆபரேஷன், காலிலும் தாடையிலும் ஒரே சமயம் இரண்டு கூட்டம் டாக்டர்கள் வேலை செய்வார்கள் என்றார்கள். அவள் அப்பா கீழே மருந்து வாங்கப் போனவர் வரவில்லை, மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். அவள் அம்மா ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாலும் வாங்கவில்லை, பேச்சில்லை.

அண்ணி நடந்தாள். கதவிலிருந்து படிக்கட்டுவரை, படிக்கட்டிலிருந்து கதவுவரை. செக்யூரிட்டி வந்து, "ஒரு எடத்துல உக்காரும்மா, எல்லாருக்கும் தொந்தரவா இருக்குது" என்றார்.

"உக்கார முடியலண்ணே. ஓரமாத்தான் நடக்கறேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அண்ணி செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். மத்தியானச் சாப்பாடு வந்து போயிற்று. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் ஓடுவாள். வேறு யாரையோ கூப்பிடுவார்கள். திரும்புவாள். எப்போது என்று எனக்கு நினைவில்லை, அந்தப் பெண்ணின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எதற்கு எழுந்தாள் என்று நான் பார்ப்பதற்குள் அண்ணியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். அந்த அம்மாவுக்கு முதலில் நடை சேரவில்லை, பின்தங்கினாள். அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த அம்மாதான் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது தொப்பியின் தடம் நெற்றியில் பதிந்திருந்தது.

"நல்லா முடிஞ்சிது. கால் எலும்புக்கு ரத்த ஓட்டம் வந்துடுச்சு. பொண்ணு நல்லாருக்கா."

அந்த அம்மா ஓர் எட்டு முன்னால் வந்தாள். அண்ணி முந்திக்கொண்டாள். "எப்போ பாக்க உடுவீங்க?"

"இன்னும் மயக்கத்துல இருக்கா. சாயங்காலம் ஆகும்மா."

"அவ்ளோ நேரமா?"

கேட்டது அண்ணி இல்லை. காலையிலிருந்து வாய் திறக்காத அந்த அம்மா. டாக்டர் ஒருத்தியைப் பார்த்தார், பிறகு மற்றவளைப் பார்த்தார். பிடித்திருந்த கைகளை இருவரும் இன்னும் விடவில்லை.

"நடந்துக்கிட்டே இருங்க," என்றார் டாக்டர். "நான் வந்து கூப்பிடறேன்."

அண்ணனுக்குத் தூத்துக்குடிப் பக்கம் வேலை கிடைத்து அவர்கள் இருவரும் போய்ப் பல வருஷம் ஆகிறது. அண்ணி என்றால் எனக்கு அந்த வராந்தாதான் வருகிறது. கதவுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில், கைகோத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் அவசர அவசரமாக நடந்துகொண்டே இருக்கிறார்கள்.